அம்மா இன்னும் எழுப்பவில்லை

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லா வேலையும் ‘அப்புறம்’ என்ற ஒரே சொல்லின் முதுகில் ஏறி வரும். எழுந்தேன் மிஸ், அப்புறம் பல் தேய்ச்சேன், அப்புறம் குளிச்சேன், அப்புறம் தோசை சாப்பிட்டேன், அப்புறம் வந்துட்டேன். நடுவில் மூச்சுகூட விட மாட்டார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு வருடம் இந்த ‘அப்புற’த்தை ஒழிப்பது என்று முடிவு கட்டினேன். பலகையில் நான்கு சொற்களை எழுதினேன்: முதலில், பிறகு, அடுத்து, கடைசியாக. ஒரு சொல்லை ஒரு தடவைதான் சொல்லலாம் என்று விதி வைத்தேன். அட்டையில் படம் வரைந்து வெட்டி, காலுறைப் படத்தை ஷூ படத்துக்குப் பின்னால் வைத்துக் காட்டினால் வகுப்பே சிரிக்கும். “மிஸ், சாக்ஸ்தான் முதல்ல!” என்று எல்லோரும் கத்துவார்கள். ஒரு குறும்பன் எழுந்து, “முதல்ல டிவி போடுவேன், பிறகு அடி வாங்குவேன், அடுத்து அழுவேன், கடைசியா பால் குடிப்பேன்” என்றான். அதைவிட ஒழுங்காக யாரும் சொன்னதில்லை.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பேச மாட்டாள். கேள்வி கேட்டால் பையின் வாரைத் திருகிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். அவளும் அன்று எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லையும் படியில் கால் வைப்பது போல நிதானமாக வைத்துச் சொன்னாள்.

“முதல்ல அம்மா என்னை எழுப்புவாங்க. பிறகு அம்மா வயித்துல ஊசி போட்டுப்பாங்க. அடுத்து நான் பல் தேய்ச்சுக் குளிச்சு சாப்பிடுவேன். கடைசியா ஷூ போட்டு, பை மாட்டி, கதவைத் திறந்து ஸ்கூலுக்கு வருவேன்.”

பிள்ளைகள் ஊசி என்றதும் “ஐயோ” என்றார்கள். நான் கைதட்டச் சொல்லி அவளை உட்கார வைத்தேன். அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார் என்று புரிந்தது. இந்தக் காலத்தில் யாருக்குத்தான் இல்லை என்று அதோடு விட்டுவிட்டேன். அவளுடைய அப்பாவுக்கு ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அம்மா ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். தினமும் காலையில் ஸ்கூட்டரில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே எனக்கு ஒரு தலையசைப்பு. எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

பிறகு மழை வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். பள்ளத்தில் இருக்கிற பக்கத்து முடிச்சூர்க்காரர்கள் மழை என்றாலே காரை மேட்டுத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைக்கிறவர்கள். அந்தத் தடவை அவ்வளவு மோசமில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். வராதவர்களின் அம்மாக்கள் எல்லோரும் வாட்ஸப் குழுவில் ‘சளி’, ‘தெருவில் தண்ணீர்’ என்று காரணம் போட்டிருந்தார்கள். அந்தச் சிறுமியின் அம்மாவிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு நாள் தாமதமானால்கூட முன்கூட்டியே செய்தி போடுகிறவர் அவர்.

முதல் பாடவேளை முடியும் நேரத்தில் அவருக்குப் போன் செய்தேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் வந்துகொண்டிருப்பார் என்று நினைத்து வைத்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை முயன்றேன். இம்முறை எடுக்கப்பட்டது. மறுமுனையில் குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது.

“பாப்பா, மிஸ் பேசறேன். ஏம்மா ஸ்கூலுக்கு வரல?”

“அம்மா இன்னும் எழுப்பல மிஸ்.”

ரகசியம் சொல்வது போன்ற குரல்.

“நீதான் எழுந்துட்டியே?”

“நானே முழிச்சிட்டேன். அம்மா எழுப்பல.”

“அம்மா எங்க?”

“தூங்கறாங்க. மெதுவா பேசுங்க மிஸ்.”

வகுப்புக்கு வெளியே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. வேலைக்குப் போகிற ஒரு பெண் அந்நேரம் வரை தூங்க மாட்டாள். வயிற்றில் போட்டுக்கொள்கிற ஊசி அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

“கண்ணு, அம்மா தோளைப் பிடிச்சு நல்லா ஆட்டு. சத்தமா கூப்பிடு.”

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ஆட்டினேன் மிஸ். குர்ர்னு சத்தம் வருது. நைட்டி எல்லாம் ஈரம்” என்றாள். “பசிக்குமேன்னு பிஸ்கட் குடுத்தேன். வாயில வெச்சேன். தின்னல.”

“அந்த பிஸ்கட்டை வெளிய எடுத்துடு. எதுவும் குடுக்காத. தண்ணிகூட வேண்டாம். போனை வைக்காத, என்ன? மிஸ் வந்துட்டே இருக்கேன்.”

தலைமை ஆசிரியையின் அறைக்கு ஓடினேன். நான் திக்கித் திணறிச் சொன்னதை அவர் முழுதாகக்கூடக் கேட்கவில்லை. “கிளாஸை நான் பாத்துக்கறேன், நீங்க போங்க” என்றவர், அலுவலகப் பெண்ணிடம் முகவரியை எடுத்து 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். வேன் ஓட்டும் அண்ணா காலைச் சவாரி முடித்துவிட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் டீ டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

“மெயின் ரோடு ஒண்ணும் இல்ல மிஸ். உள்தெருவுலதான் தண்ணி நின்னுகினு கீது. உருட்டிகினே பூடலாம், நடுவுல ஆஃப் ஆவாம இருந்தா சரி.”

குழந்தைகள் உட்காரும் குட்டை இருக்கையில் நான் காதில் போனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியது. ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அம்மாவுக்குக் காய்ச்சல், கஞ்சி வைத்து ரெண்டு வாய் குடித்துவிட்டு வேண்டாம் என்று மூடி வைத்துவிட்டார், தனக்கு மட்டும் நூடுல்ஸ் செய்து தந்தார் என்றாள். ஊசி? “போட்டாங்க. அது தினமும் காலையிலயும் ராத்திரியும் போடணும்.” சாப்பிடாமல் ஊசியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். சாப்பிடாத உடம்பில் இன்சுலின் சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும் என்று ஒரு மாதிரி தெரிந்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

“மிஸ், போன்ல சிவப்பா காட்டுது.”

“சார்ஜர்ல போடத் தெரியுமா?”

“கரண்ட் இல்ல மிஸ்.”

அவ்வளவுதான். இணைப்பு அறுந்துவிட்டது. நான் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். ‘நீங்கள் தொடர்பு கொள்ளும் எண்’ என்று ஒரு பெண் குரல் ஆரம்பிக்கும்போதே துண்டித்தேன். வேன் தெருவுக்குள் திரும்பியது. சேற்றுத் தண்ணீர் இரண்டு பக்கமும் அலையடித்து வீட்டுப் படிகளில் மோதியது. அண்ணா வண்டியை முதல் கியரிலேயே உருமவிட்டுக்கொண்டு போனார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. “குந்துங்க மிஸ், தோ வந்துடுச்சி” என்றார் திரும்பாமலே.

அது மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். அந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர்களுடையது. இப்போது மனைகளாகவும் வாடகை வீடுகளாகவும் ஆகிவிட்டது. வீட்டுக்கார அக்கா வாசலில் நின்ற தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இன்னா மிஸ்ஸு, இன்னா ஆச்சு? நேத்து சாயங்காலம்கூட மொட்டமாடில துணி எடுத்துகினு இருந்துச்சே அந்தப் பொண்ணு!”

“அவங்களுக்கு சுகர் இருக்கு அக்கா. மயக்கமா கிடக்கறாங்க. வேற சாவி இருக்கா?”

“சுகரா? சத்து ஊசின்னு இல்ல சொல்லிச்சு எங்கிட்ட? சாவி கீது, ஆனா உள்ள தாப்பா போட்டிருந்தா இன்னா பண்றது?”

அவர் சொன்னபடியே உள்ளே மேல்தாழ்ப்பாள் போட்டிருந்தது. சாவி திரும்பியும் கதவு அசையவில்லை. தட்டினேன். உள்ளே சின்னக் காலடிகள் ஓடிவந்து கதவை ஒட்டி நின்றன. அண்ணா தோளைக் கொடுத்து இடிக்கத் தயாரானார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். கதவு உள்பக்கம் திறப்பது. குழந்தை அதன் மேல் சாய்ந்துகொண்டிருந்தாள்.

“பாப்பா, மிஸ் வந்துட்டேன். கொஞ்சம் தள்ளிப் போய் நில்லும்மா.”

அவள் நகரவில்லை. குரல் அதே இடத்திலிருந்து வந்தது. “யாரு?”

“மிஸ்தான். ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டுத் தாழ்ப்பாளைத் திறப்பியா?”

“அம்மா சொல்லாம திறக்கக் கூடாது.”

“இப்ப போன்ல பேசினேனே, அதே மிஸ்.”

“மிஸ் மாதிரி வேற யாராவது பேசினா?”

அவளை அப்படிச் சொல்லிப் பழக்கியிருந்தார் அந்த அம்மா. தனியாக ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவர் வேறு எப்படிப் பழக்குவார்? வீட்டுக்கார அக்கா பொறுக்க முடியாமல், “ஏய் பாப்பா, தொறடி! உங்கம்மா செத்துகித்துப் போயிடப் போறா!” என்று கத்திவிட்டார். உள்ளே ஒரு விக்கல் போன்ற ஒலி கேட்டது. அழத் தொடங்கிவிட்டாள். நான் அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் முழங்காலிட்டு, சாவித் துவாரத்தின் உயரத்துக்குக் குனிந்தேன். ஜெபம் செய்கிறவள்தான் நான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவளிடம் என்ன கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியும் என்று மட்டும் யோசித்தேன்.

“கண்ணு, ஸ்கூலுக்கு வரும்போது கதவு எப்போ திறப்பீங்க?”

விசும்பலுக்கு நடுவே பதில் வந்தது. “கடைசியா.”

“அதுக்கு முன்னாடி?”

“ஷூ போட்டு, பை மாட்டணும்.”

“சரி. ஸ்கூல் திறந்தாச்சு. மிஸ் உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். ஷூ போட்டு பை மாட்டிட்டு வா.”

“இன்னும் பல் தேய்க்கல.”

“இன்னைக்கு வேண்டாம்.”

“குளிக்கல.”

“பரவால்ல, அதுவும் வேண்டாம். மிஸ் திட்ட மாட்டேன்.”

காலடிகள் உள்ளே போயின. அண்ணா என் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது கேட்டது. “இப்ப தள்ளிதான் போயிருக்கு மிஸ். ஒடச்சிடவா?” என்று காதோரம் கேட்டார். திரும்பி எந்த நொடியில் ஓடிவருவாள் என்று தெரியாதே! வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த முடிவு சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே அவளுடைய அம்மா விடுகிற ஒவ்வொரு மூச்சும் நான் வீணாக்குகிற மூச்சு என்று தோன்றியது.

“மிஸ், சாக்ஸ் காணோம்.”

“சாக்ஸ் இல்லாம போட்டுக்கோ.”

“சாக்ஸ்தான் முதல்ல.”

நான் அட்டை வெட்டிச் சொல்லிக் கொடுத்தது. அது கதவுக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றது.

“இன்னைக்கு ஒரு நாள் சாக்ஸ் இல்லாமலே போடலாம். மிஸ்தானே சொல்லிக் குடுத்தேன்? மிஸ்ஸே சொல்றேன், போடலாம்.”

பிறகு தரையில் பிளாஸ்டிக் ஸ்டூல் இழுபடும் ஓசை கேட்டது. தாழ்ப்பாள் ஒரு தடவை கிறீச்சிட்டு நின்றது. இன்னொரு தடவை. “வரல மிஸ்.” மேலும் கீழும் ஆட்டி இழு என்றார் அண்ணா. அவர் குரல் அப்படிக் கனிந்து நான் கேட்டதில்லை. படாரென்று தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் இரவு உடுப்பில் நின்றாள். வெறுங்காலில் ஷூ, முதுகில் பை. அவளைத் தூக்கி வீட்டுக்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

அந்த அம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தார். முகம் வெளுத்து, வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மூச்சு குறட்டையாக இழுத்தது. வாயோரத்தில் பிஸ்கட் துகள். அக்கா பின்னாலேயே ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் தடுத்தேன். அதற்குள் 108-லிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது. அவர்களும் அதையே சொன்னார்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆனால் ஆம்புலன்ஸ் தண்ணீரில் தெருமுனையைத் தாண்ட முடியாமல் நின்றிருந்தது. அண்ணாவும், சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் அவரைப் போர்வையோடு தூக்கிப் படியில் இறக்கினார்கள். பள்ளி வேனின் நீள இருக்கையில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். தெருமுனையில் ஆம்புலன்ஸ்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் விரலில் குத்தி ரத்தம் பார்த்த பையன், “சுகர் ரொம்ப டவுன்” என்று மட்டும் சொல்லிவிட்டு நரம்பைத் தேடத் தொடங்கினான்.

அக்காவோடு வேனிலேயே வந்திருந்த சிறுமியும் நானும் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாள். நான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை. கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், இப்ப அடுத்து என்ன?”

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

மருத்துவர் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. குளுக்கோஸ் ஏறியதும் கண் விழித்துவிட்டார், இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். உள்ளே போனோம். அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். யாரென்று புரியவே கொஞ்சம் நேரம் பிடித்தது. “பாப்பா, ஸ்கூலுக்கு லேட் ஆயிடுச்சா?” என்று கேட்டார். அப்போதுதான் அந்தக் குழந்தை வீறிட்டு அழுதாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில நாள் கழித்து, மாலையில் வகுப்பு விட்ட பிறகு அந்த அம்மா என்னைப் பார்க்க வந்தார். குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு நன்றி சொல்லணும் மிஸ். ஆனா எனக்குக் கோவம்தான் வருது. உங்க மேல இல்ல. யார் மேலன்னு தெரியல.”

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு இந்த நோய் இருந்திருக்கிறது. கணவருக்குத் தெரியும். மாமியார் வீட்டாருக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கார அக்காவுக்கும் சொல்லவில்லை. இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குழந்தையை எங்கள் ஊர் திண்டிவனத்துக்கு அனுப்பு, இங்கே உன்னோடு தனியாக இருக்க வேண்டாம் என்று மாமியார் வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். கணவரும் அதற்குச் சம்மதம் என்கிறாராம்.

“நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். நான் பேசினா காதுல ஏறல.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவில் மேல்தாழ்ப்பாளைக் கழற்றி, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் புதிதாக ஒன்று போட்டிருந்தார்கள். குழந்தையின் அப்பா பொல்லாதவர் இல்லை. தூங்காத கண்களுடன் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினார்.

“நீங்களே சொல்லுங்க மிஸ். அன்னைக்கு நீங்க மூணாவது தடவை போன் பண்ணாம விட்டிருந்தா? என் இடத்துல நீங்க இருந்தா, புள்ளைய இங்க விட்டுட்டுப் போய் அங்க வேலை பாப்பீங்களா?”

பாடம் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். “பாக்க மாட்டேன்” என்றேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். “ஆனா புள்ளைய அனுப்பிட்டா, அன்னைக்கு மாதிரி இன்னொரு காலையில இவங்க பக்கத்துல யாருமே இருக்க மாட்டாங்களே சார். அதையும் நீங்கதான் யோசிக்கணும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். நான் வேண்டாத இடத்தில் மூக்கை நுழைத்துவிட்டேனோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

குழந்தை போகவில்லை. பொங்கல் முடிந்ததும் அவள் அப்பா மறைமலைநகர்ப் பக்கம் ஒரு வேலை தேடிக்கொண்டு, தினமும் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டார். அது நடக்கிற வரைக்கும் அந்த அம்மா தினமும் காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு செய்தி போடுவதென்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். ‘எழுந்தாச்சு’ என்று ஒரே சொல்.

அந்த நாட்களில் நான் சமையலறையில் போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் சட்னி அரைத்தேன். ஒரு நாள் வழக்கமான நேரத்துக்குச் செய்தி வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

“சொல்லுங்க மிஸ்?” என்றார் அந்த அம்மா. பின்னணியில் குக்கர் விசில். “ஐயோ, மெசேஜ் போட மறந்துட்டேன். இவ ஜடை பின்ன விடாம ஒரே ரகளை.”

பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு, எழுந்து போய் அடுப்பை மறுபடி பற்றவைத்தேன்.